சபாரத்தினத்துக்கு ஒரு ஸ்வெட்டர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு மூக்கு வழியாக வந்தது.

போன வருஷம் ஆடி அமாவாசை. பூமியின் தென்கோடியில் இருக்கும் இந்த நாட்டில் ஆடி நடுக்குளிர்காலம். குளிருக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு, என் மனைவி பூங்கோதை எங்கள் மவுண்ட் வெல்லிங்டன் வீட்டில் வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்தாள். குப்பையைக் கொட்ட நான் கதவைத் திறந்ததும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மீன் பொரிக்கும் வாசனை தாராளமாக உள்ளே நுழைந்தது.

"அமாவாசையும் அதுவுமா! அதுவும் யார் வீட்டுலேர்ந்து வருதுன்னு பாருங்க" என்றாள் பூங்கோதை.

பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சோதிலிங்கம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதைத் தாண்டியவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் தபால் எடுக்கக்கூட வாசலுக்கு வரமாட்டார். வெள்ளிக்கிழமை முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். ஊரே மீனைத் தொடாத ஒரு நாளில் அவர் ஸ்னாப்பர் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

வேலியோரம் போய், பட்டும் படாமலும் கேட்டேன். "ஐயா, இன்னைக்கு ஆடி அமாவாசை இல்லையா?"

"ஓம், தம்பி. தகப்பன் இருக்கிறவன் ஆடி அமாவாசை விரதம் பிடிக்கக்கூடாது."

"உங்க அப்பா இருக்காரா?"

"இருக்கிறார்."

"எங்கே?"

"அதுதான் தெரியாது. ஆளைக் காணேல்லை" என்று மீனைத் திருப்பிப் போட்டார்.

"எப்பலேர்ந்து?"

"நான் பிறக்க முதல்."

(கதை எழுதுகிறவனிடம் இப்படியெல்லாம் பேசக்கூடாது. பழம் நழுவிப் பாலில் விழுந்தால் அவன் சும்மா இருப்பானா? அன்று சாயங்காலமே உட்கார்ந்துவிட்டேன்.)

2

இனி வருவது அவர் சொன்னது. எனக்குத் தெரியாத இடங்களை நிரப்பியிருக்கிறேன். எங்கே நிரப்பினேன் என்று கேட்காதீர்கள்.

தகப்பன் பெயர் சபாரத்தினம். ஊர்காவற்றுறை ஆள். 1941இல் கொழும்பில் ஒரு வெள்ளைக்காரக் கப்பலில் ஏறினார். கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் வேலை. அப்போது மனைவி அன்னத்துக்கு வயிற்றில் பிள்ளை. யுத்த காலம். ரஷ்யாவுக்குத் தளவாடம் கொண்டுபோகும் கப்பல்கள் கூட்டம் கூட்டமாக வட துருவத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. மேலே விமானம், கீழே நீர்மூழ்கி, சுற்றிலும் பனிக்கட்டி. 1942இல் அப்படிப் போன ஒரு கூட்டத்தில் சபாரத்தினத்தின் கப்பல் மூழ்கியது.

கப்பல் ஏஜண்டின் ஆள் ஒருவர் ஊருக்கு வந்து அன்னத்திடம் சொன்னார்: "உங்கடை மனுசனைக் காணேல்லை எண்டு அறிவிச்சிருக்கினம்."

கைக்குழந்தையோடு நின்ற அன்னம் கேட்டாள்: "காணேல்லை எண்டால் தேடுங்கோவன்!"

அந்த ஆள் வந்த வழியே திரும்பிப் போனார். எட்டு தசாப்தம் கழிந்து அந்தத் தேடல் என் தலையில் விழுந்தது.

அன்னம் பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. கோயில் வீதியில் பெண்கள் வாய்க்குள் முணுமுணுத்தார்கள். நல்ல காரியங்களுக்கு அவளைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் திண்டாடி, கடைசியில் கூப்பிடாமல் விட்டார்கள். வருஷா வருஷம் ஆடி அமாவாசையன்று ஊர் முழுக்கக் காத்தோட்டிக்காய் பொரிக்கும்போது* அவள் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு மீன் பொரித்தாள். மகனைப் பக்கத்தில் இருத்தி, "தின்னு. உனக்கு அப்பு இருக்கிறார்" என்றாள்.

1987 பங்குனியில் இறந்தாள். நெற்றிக்கு என்ன செய்வது என்று செத்த வீட்டில் ஒரே சண்டை. சோதிலிங்கம் யாரையும் கேட்கவில்லை. குங்குமத்தைத் தொட்டுத் தன் கையாலேயே அம்மாவுக்குப் பெரிய பொட்டாக வைத்து அனுப்பினார்.

* யாழ்ப்பாணத்தில் தகப்பனை இழந்தவர்களுக்கு அன்றைக்கு அந்தக் கசப்புக்காய் இல்லாமல் இலை நிறையாது. பூங்கோதைக்கு இதைச் சொன்னபோது, "நமக்கு வாழைக்காய், அவங்களுக்கு அது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். அடிக்குறிப்பை அவளே எழுதியிருக்கலாம்.

3

கதையின் முதல் வரிகளாக நான் எழுதிக் கைவிட்டவை:

"வட கடலில் இரவு என்பது..."

(எனக்குத் தெரிந்த வட கடல் சென்னைக்கு வடக்கே எண்ணூர்தான்.)

"சபாரத்தினம் மேல்தளத்தில் நின்று அன்னத்தை நினைத்துக்கொண்டார். உறைபனிக் காற்று அவருடைய மெல்லிய சட்டையை..."

இந்த இரண்டாவதைச் சோதிலிங்கத்துக்கு வாசித்துக் காட்டினேன். 'மெல்லிய சட்டை' என்ற இடத்தில் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"அவருக்கு ஒரு ஸ்வெட்டர் குடும்."

"ஐயா, அந்தக் குளிர் வாசகருக்கு உறைக்கணும்னா..."

"வாசகருக்கு உறைக்க என்ரை அப்பு ஏன் விறைக்கவேணும்? கரி அள்ளிப்போட்டு வேர்வையோடை மேலை வாற மனுசன். நெஞ்சிலை சளி கட்டும்."

கொடுத்தேன். துறைமுகத்தில் யாரோ பெண்கள் மாலுமிகளுக்காகப் பின்னிக் கொடுத்த நீல ஸ்வெட்டர். அடுத்த முறை வாசித்தபோது, "நீலமோ?" என்று யோசித்தார். "நீலம் கடலுக்குள்ளை தெரியாது. சிவப்பாப் போடும்."

சிவப்பாக்கினேன். பிறகு கையுறை வந்தது, இரண்டு சோடி காலுறை வந்தது. என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். ரொட்டியும் சூப்பும் என்றேன். முகம் சுருங்கியது. அதே கப்பலில் ஒரு மலையாளச் சமையல்காரரை ஏற்றி, வாரத்துக்கு ஒரு நாள் சோறும் குழம்பும் போட வைத்தேன். மலையாளிக்குச் சரித்திர ஆதாரம் கிடையாது. ஆனால் சோதிலிங்கத்துக்கு அன்று நல்ல தூக்கம் என்று மறுநாள் அவருடைய மகள் சொன்னாள்.

இங்கே எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. சட்டை மட்டும் போட்ட ஒரு மனிதரைக் கடலில் தள்ள எந்த எழுத்தாளனாலும் முடியும். ஸ்வெட்டர் போட்டு, வயிறு நிறையச் சோறு போட்ட பிறகு எப்படித் தள்ளுவது?

4

அந்த மகள் சோபனா. மங்கரேயில் விமானச் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் வேலை. எதுவும் சேரவேண்டிய நேரத்தில் சேரவேண்டிய இடத்துக்குப் போயாகவேண்டும் என்பது அவளுக்குத் தொழில் மட்டுமல்ல, சுபாவம்.

இந்த வருஷம் ஆனி மாதம் என் வீட்டுக்கு வந்தாள். "அண்ணா, அப்பாவுக்கு ஆவணியிலை ஹார்ட் ஆப்பரேஷன் வைச்சிருக்கினம்."

(ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஐயா இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டிருக்கிறார். இதைக் கடைசிவரை ஒளித்துவைத்து உங்களைப் பதறவைக்க எனக்கு மனமில்லை. இந்தக் கதையில் கேள்வி வேறு.)

"அதுக்குமுதல் இந்த ஆடி அமாவாசைக்கு அவர் தன்ரை தகப்பனுக்கு எள்ளுத் தண்ணி இறைக்கவேணும். ஒரே பிள்ளை. அவரும் போனால் அப்பப்பாவுக்கு ஆர் குடுக்கிறது? அந்த மனுசன் குளிருக்குள்ளை ஒரு வாய் தண்ணி இல்லாமல் அப்பிடியே கிடக்கவேணுமோ?"

"சொல்லிப் பார்த்தீங்களா?"

"நான் சொன்னால் எழும்பிப் போயிடுவார். நீங்கள் எழுதுறதை மட்டும்தான் இருந்து கேக்கிறார். அப்பப்பாவை ஒழுங்கா முடிச்சு விடுங்கோ, அண்ணா. வாசிச்சால் நம்புவார்."

அவள் கெட்டிக்காரி. ஒரு மனிதரைக் கொல்லச் சொல்லி என்னிடம் இவ்வளவு அன்பாக யாரும் கேட்டதில்லை.

5

எழுதினேன். நன்றாகவே எழுதினேன், அதுதான் கொடுமை. வெடிச் சத்தம், சாய்ந்த தளம், உடம்பைச் சில நிமிடங்களில் மரக்கவைக்கும் தண்ணீர். வலியில்லாமல், தூங்குவதுபோல, அன்னத்தின் பெயரோடு. சிவப்பு ஸ்வெட்டரை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் உடம்பிலேயே விட்டுவிட்டேன்.

அமாவாசைக்கு முந்தைய சனிக்கிழமை மத்தியானம் அவருடைய முன்னறையில் உட்கார்ந்து வாசித்தேன். சோபனா சமையலறைக் கதவோரம் நின்றாள். சோதிலிங்கம் ஹீட்டருக்குப் பக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார்.

"வடிவா எழுதியிருக்கிறீர்" என்றார். பிறகு, "ஆனா ஏலாது" என்றார்.

"ஏன் அப்பா?" சோபனா உள்ளே வந்துவிட்டாள்.

"நாப்பத்திரண்டிலை அவர் செத்தவர் எண்டு நான் தண்ணி இறைச்சால், அண்டைக்கே அம்மா தாலி அறுத்தவ எண்டாகுது. நாப்பத்தஞ்சு வருஷம் அவ வைச்ச பொட்டு பொய்ப் பொட்டெண்டாகுது. ஊர் கதைச்சது சரியெண்டாகுது. நான் என்ரை கையாலை வைச்சுவிட்ட பொட்டை நானே அழிக்கவோ, பிள்ளை?"

சோபனா அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அவருடைய காலுறையை இழுத்துச் சரிசெய்தாள். மீன் பொரிப்பதை ஒரு வேடிக்கை என்று நினைத்துக் கதை எழுதப் புறப்பட்டவன் நான்.

சோதிலிங்கம் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, எழுதுறது நீர்தானே. அவர் எப்ப செத்தவர் எண்டது உம்மடை கையிலைதானே கிடக்கு?"

"சரித்திரப்படி கப்பல் மூழ்கினது..."

"கப்பல் மூழ்கட்டும். அதை நான் மறிக்கேல்லை. அவரை அம்மாவுக்குப் பிறகு சாகவிடும். அதிகம் கேக்கேல்லை. ஒரு நாள் பிந்தினால் காணும், அது போதும்."

6

விரும்பியபடி எழுதலாம் என்பார்கள். எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தச் சுதந்திரத்தின் லட்சணம்.

முடிவு அ: ஒரு மீன்பிடிப் படகு அவரைத் தூக்கிக் கரை சேர்த்தது. தலையில் அடிபட்டதில் பழசெல்லாம் மறந்து...

(பூங்கோதை: "சினிமா.")

முடிவு ஆ: வடக்கே ஒரு கிராமத்தில் தங்கிவிட்டார். அங்கே ஒரு பெண் அவருக்கு...

(பூங்கோதை தாளை என்னிடமிருந்து வாங்கி இரண்டாகக் கிழித்தாள். சரிதான். செத்துப்போன புருஷனைவிட இது அன்னத்துக்குப் பெரிய அவமானம்.)

முடிவு இ: சிறைப்பட்டார். யுத்தம் முடிந்தும்...

"நாப்பத்தஞ்சு வருஷமாவா? ஒரு தடவைகூட வீட்டுக்குத் தகவல் சொல்ல முடியாமலா?" என்றாள் பூங்கோதை. "உயிரோட இருந்தார்னா ஏன் வரலைன்னு சொல்லணும். அதைச் சொல்லாம என்ன எழுதினாலும் இடிக்கும்."

வேலியோரம் சோதிலிங்கத்திடம் இதைச் சொன்னேன். அவருக்கும் அதே இடத்தில்தான் முட்டியது. "ஓம். இருந்தும் வராமல் விட்டவர் எண்டால் அம்மா பாவம்" என்றார். இறந்தால் அன்னம் விதவை, இருந்தால் கைவிடப்பட்டவள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் நிற்க ஒரு சாண் இடம் வேண்டும். அதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

அமாவாசைக்கு முதல் நாள் சோதிலிங்கம் மீன் கடைக்குப் போய் ஸ்னாப்பர் வாங்கி வந்து ஃப்ரிட்ஜில் வைத்தார். அன்று மாலையே சோபனா தமிழ்க் கடையிலிருந்து காத்தோட்டிக்காய் வற்றல் வாங்கி வந்து அதே ஃப்ரிட்ஜில் மீனுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

7

இங்கே நான் சோதிலிங்கத்தின் தலைக்குள் நுழைகிறேன். அனுமதி வாங்கியிருக்கிறேன். "நான் நினைச்சதைவிடக் கூட்டி எழுதாதையும்" என்பது மட்டும்தான் நிபந்தனை.

"சும்மா வந்து பாருங்கோ அப்பா, இறைக்கவேண்டாம்" என்று சொல்லித்தான் சோபனா அவரை மங்கரேக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பத்துப் பதினைந்து குடும்பங்கள் வந்திருந்தன. குருக்கள் வேட்டிக்கு மேலே தடித்த ஜாக்கெட் போட்டு, கையில் தர்ப்பையோடு நின்றார். எல்லாம் இருந்தது. கடலைத்தான் காணவில்லை.

கண்ணுக்கு எட்டின மட்டும் சேறு. தண்ணீர் வற்றி எங்கோ தூரத்தில் ஒரு கோடாகக் கிடந்தது.

"பஞ்சாங்கம் பார்த்தவர், கடலின்ரை வத்துப்பெருக்குப் பார்க்க மறந்திட்டார்" என்று சோபனா பல்லைக் கடித்தாள். அவளுடைய அலுவலகத்தில் இப்படி ஒரு தவறு நடந்தால் ஆள் வேலையில் நிற்க முடியாது.

குருக்கள் அசரவில்லை. "கடல் எங்கை போகுது? வரும். இருங்கோ."

காத்திருந்தார்கள். சிலர் காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். சோதிலிங்கத்துக்கு மடக்கு நாற்காலி விரித்துக் கொடுத்து, மடியில் கம்பளியைப் போட்டாள் சோபனா. நான் அவர் பக்கத்தில் நின்றேன்.

அவர் அப்பாவை நினைக்கவில்லை, அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தார். ஊர்காவற்றுறையில், மாலையில் விளக்கு வைத்தபிறகு அவள் வேலி வாசலின் படலையடிக்குப் போய் ஒரு தரம் ஒழுங்கை வழியைப் பார்த்துவிட்டு வருவாள். அழுது அவர் பார்த்ததில்லை. "வரேல்லை" என்று அவள் சொன்னதே கிடையாது. "இன்னும் வந்து சேரேல்லை" என்பாள். பஸ் பிந்தினால் சொல்வதைப்போலச் சொல்வாள். எண்பத்தேழு பங்குனியில், கடைசிக் காய்ச்சலிலும் அவள் அதையே சொன்னாள்.

தண்ணீர் வர ஆரம்பித்திருந்தது. எப்போது என்று யாரும் பார்க்கவில்லை. சேற்றில் சின்னச் சின்ன வாய்க்கால்கள் நிரம்பி ஒன்றோடொன்று சேர்ந்தன.

"தம்பி" என்றார் சோதிலிங்கம். "அவர் வந்துகொண்டிருந்தவர்."

"ஐயா?"

"இருந்தும் வராமல் விடேல்லை. எங்கையும் தங்கேல்லை. அந்தளவு வருஷமும் வந்துகொண்டே இருந்தவர். தூரமெல்லோ. அதுக்குள்ளை அம்மா முந்தியிட்டா. அதைக் கேள்விப்பட்ட இடத்திலை அவர் இருந்திட்டார். பிறகு எழும்பேல்லை." அவர் கண் நிறைந்திருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது. "அப்பிடி எழுதும். அதுதான் நடந்தது. அம்மா பொய் சொல்லமாட்டா."

கம்பளியை மடித்துச் சோபனாவிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். ஜாக்கெட்டைக் கழற்றினார். "அப்பா, குளிர்!" என்று அவள் பதறினாள். "ஒரு நிமிஷம் நிக்கலாம்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவள் தோளைப் பிடித்தபடி கணுக்கால் தண்ணீரில் இறங்கினார்.

குருக்கள் விரலில் தர்ப்பை மாட்டி, கையில் எள்ளும் தண்ணீரும் விட்டார். "தகப்பன் பேர்?"

"அன்னம்" என்றார் சோதிலிங்கம்.

"அது தாயார் பேரெல்லோ? முதல் தகப்பனுக்குத்தான் இறைக்கிறது. அதுதான் முறை."

"எங்கடை வீட்டிலை அம்மாதான் முதல் போனவ, ஐயா. அப்பு பிறகு."

குருக்கள் அவர் முகத்தைப் பார்த்தார், சோபனாவைப் பார்த்தார், பின்னால் நடுங்கிக்கொண்டு நிற்கும் வரிசையையும் பார்த்தார். "சரி, போன வரிசையிலையே வரட்டும்" என்றார்.

முதல் தண்ணீர் அன்னத்துக்கு விழுந்தது. இரண்டாவது, அவளைவிட ஒரு நாள் பிந்திய சபாரத்தினத்துக்கு. சோபனா அப்போது வாய்விட்டு அழுதாள். நானும்தான்.

அன்று மத்தியானம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து காத்தோட்டிக்காய் பொரியும் வாசனை வந்தது. ஸ்னாப்பரை மறுநாள் எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். பூங்கோதை குழம்பு வைத்தாள்.

8

இப்போது மேசை முன்னால் நானும் ஒரு வாக்கியமும் மட்டும் இருக்கிறோம்.

"1942இல், மூழ்கும் கப்பலிலிருந்து இறங்கிய சபாரத்தினம், ஊர்காவற்றுறைக்குப் போகும் வழி எது என்று..."

மூன்று வாரமாக இது இங்கேயே நிற்கிறது. நாற்பத்தைந்து வருஷம் நடந்துகொண்டே இருந்த ஒருவருடைய வழியை என்னால் போடமுடியவில்லை. நான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், நகர மையத்திலேயே வழி தவறுகிற ஆள். சோதிலிங்கம் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஆள் எவ்விடத்திலை வாறார்?" என்று தினமும் விசாரிக்கிறார். ஆப்பரேஷன் செய்த நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டு கேட்கிறார். "வந்துகொண்டிருக்கார், ஐயா" என்று சமாளிக்கிறேன். அந்தப் பதில் அவருக்குப் போதுமாக இருக்கிறது.

ஆகவே இந்த வாக்கியத்தை உங்களிடம் ஒப்படைக்கிறேன். பனியோ காடோ பாலைவனமோ, எந்தப் பக்கமாக வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வழியில் நல்ல மனிதர்களாகப் பார்த்து அவர் முன்னால் நிறுத்துங்கள். வாரத்துக்கு ஒரு நாளாவது சோறு போடுங்கள். எங்கேயும் அதிக நாள் தங்கவிடாதீர்கள். அன்னத்துக்கு முன்னால் மட்டும் அவரைச் சாகவிடக்கூடாது.

அவரை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருப்பார். தேடினால் தெரியும்.